தேசி மரத்தில் கரி: எந்த வைத்தியம் தேறும்?

கல்முனையில் ஒரு வளவுத் தேசி மரம் கறுத்துப்போனால் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அடுப்புச் சாம்பலைத் தூவச் சொல்வார் ஒருவர். சவர்க்காரத் தண்ணீர் அடிக்கச் சொல்வார் அடுத்த வளவுக்காரர். வேப்பெண்ணெய்தான் கைகண்டது என்பது மூன்றாமவர் கட்சி. மருந்துக் கடைக்குப் போனால் பங்கசுநாசினிப் பொதி ஒன்றும் பூச்சிநாசினிப் போத்தல் ஒன்றும் மேசைக்கு வரும். முசுறுக் கூட்டை மரத்தில் ஏற்றிவிட்டால் அது பார்த்துக்கொள்ளும் என்பவர்களும் உண்டு.

இத்தனையும் ஒருசேரச் சரியாக இருக்க வழியில்லை. இவற்றில் சில ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுப்பவை. ஆகவே நான்கு கேள்விகளை முன்வைத்து ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்ப்போம். கரிக்குக் காரணமான பூச்சியை அது எட்டுகிறதா? அந்தப் பூச்சியைத் தின்று வாழும் நல்ல பூச்சிகளை விட்டுவைக்கிறதா? கரையோர மணலுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் கச்சான் காற்றுக்கும் ஒத்துவருமா? நான்காவது, இது தோலோடு ஊறுகாய்க்குப் போகிற பழம். நோன்பு காலத்தில் சர்பத்துக்குப் பிழிகிற பழம். அதில் தெளிக்கத் தகுந்ததா? உரித்து எறியும் தோலில் நஞ்சு தங்கினால் ஓரளவு பொறுக்கலாம். தேசிக்காயில் தோல்தான் ஊறுகாயே.

கரி எங்கிருந்து வருகிறது

கறுத்த இலை ஒன்றைப் பறித்து, நனைத்த பெருவிரலால் மேற்புறத்தைத் தேய்த்துப் பாருங்கள். கரி விரலோடு வந்து அடியில் பச்சை தெரிந்தால் அது கரும்பூஞ்சணம். தேய்த்தும் போகாத புள்ளி என்றால் அது வேறு நோய், வேறு வழக்கு. பிறகு அதற்கு மேல் கிளையிலுள்ள இலைகளைத் திருப்புங்கள். நடுநரம்பை ஒட்டி நகராமல் அப்பிக்கிடக்கும் தட்டையான செதில் பூச்சி, கணுக்களில் வெள்ளையாக அடைந்திருக்கும் மாவுப்பூச்சி, குருத்தில் மொய்க்கும் கறுத்த அழுக்கணவன், கிளையை உலுப்பினால் எழும்பிப் பறக்கும் வெண் ஈ: இவற்றில் ஒன்றாவது அங்கே இருக்கும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் எறும்பு ஒன்று வந்து உணர்கொம்பால் செதிலின் முதுகைத் தட்டும். பின்புறத்தில் தெளிந்த துளி ஒன்று திரளும். எறும்பு அதை உறிஞ்சிவிட்டு அடுத்த செதிலிடம் போகும்.

அந்தத் துளிதான் வழக்கின் மூலம். மரத்தின் உணவுக் குழாய்களில் ஓடும் சாற்றில் சீனி ஏராளம். உடல் வளர்க்க வேண்டிய நைதரசன் சொற்பம். தேவையான நைதரசன் சேரும்வரை பூச்சி ஓயாமல் உறிஞ்சுகிறது, மிஞ்சிய சீனியைக் கழித்துவிடுகிறது. அந்தத் தேன்கழிவு கீழேயுள்ள இலைகளின் மேற்புறத்தில் பிசுபிசுவென்று படிகிறது. காற்றில் திரியும் கப்னோடியம் முதலான பூஞ்சணங்களின் வித்திகள் அதில் விழுந்து முளைக்கின்றன. அந்தப் பூஞ்சணம் இலைக்குள் நுழைவதில்லை, மரத்தின் சாற்றில் கை வைப்பதுமில்லை. வெயிலை மறைத்து இலையின் உணவுத் தயாரிப்பைக் குறைப்பதே அது செய்யும் கெடுதி. சாற்றை இழுத்துக் குருத்தைச் சுருட்டி மரத்தை வாட்டுவது பூச்சி.

இதிலிருந்து கையோடு மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, கறுப்பு இருக்கும் இலையில் குற்றவாளி இருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் தேசி மரம் பெரும்பாலும் தென்னைக்கு அடியில்தான் நிற்கிறது. 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் கண்டறியப்பட்ட சுருள் வெண் ஈ, 2019ஆம் ஆண்டளவில் இலங்கைக்கும் வந்து தென்னைகளில் பரவியது. ஓலையின் அடியில் அது கழிக்கும் சீனி, கீழே நிற்கும் எந்த மரத்திலும் சொட்டும். தேசி இலையைத் திருப்பி ஒரு பூச்சியும் காணாவிட்டால் அண்ணாந்து ஓலையைப் பார்க்க வேண்டும். ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள்கள் தெரிந்தால், தேசி மரத்துக்கு அடிக்கும் எந்த மருந்தும் வீண் செலவு.

இரண்டாவது, பசளை. அம்பாறை நெல் மாவட்டம். வயலுக்கு வாங்கிய யூரியாவில் மிஞ்சியது வளவு மரத்துக்கும் போகும். நைதரசன் கூடினால் குருத்து மென்மையாக, சாறு செழிப்பாக வரும். உறிஞ்சும் பூச்சிக்குப் பஞ்சமாக இருந்தது அந்த நைதரசன்தான். கறுத்த மரம் மெலிந்துவிட்டதே என்று யூரியா போடுவது பூச்சிக்குப் பந்தி வைப்பது.

மூன்றாவது, காலம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, சித்திரைக்குப் பிறகு மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்கினால் இந்தக் கரையில் மாதக்கணக்கில் பெருமழை இல்லை. இலையைக் கழுவ வானம் இல்லாத அந்த மாதங்களில் செதிலும் மாவுப்பூச்சியும் வெண் ஈயும் பெருகிக் கரி தடிக்கும். மாரியின் முதல் மழைக்கு வரும் புதுக் குருத்தில் அழுக்கணவன் ஏறும். எந்த வைத்தியமானாலும் இந்த இரண்டு பருவங்களையும் தாங்கி நிற்க வேண்டும்.

கோப்பித் தோட்டத்தின் சாட்சியம்

இலங்கை இதே வழக்கை ஏற்கெனவே ஒருமுறை நடத்தியிருக்கிறது. 1840களில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் ஒரு செதில் பூச்சி பரவியது. இலையும் காயும் கொப்பும் கரி பூசியதுபோல் கறுத்தன. துரைமார் கலங்கிப் போனார்கள். இலங்கையில் இருந்த ஜோன் நீட்னர் 1861இல் கோப்பி மரத்தின் எதிரிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட ‘சிலோன்’ என்ற நூலில் அந்த நாளின் ஒரு பரிசோதனையையும் குறித்து வைத்திருக்கிறார். செதிலைத் தின்னட்டும் என்று முசுறுகளைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து விட்டார்களாம். வெற்றுடம்பில் எண்ணெய் பூசி வேலை செய்த தமிழ்த் தொழிலாளரை அவை கடித்த கடியில், ஆட்கள் தோட்டத்தில் தங்குவதே சந்தேகமாகிவிட்டதாம்.

இந்தக் கதையில் பலர் கவனிக்காத பகுதி அதற்குப் பிறகு வருகிறது. கரி பிடித்த அதே ஆண்டுகளில் கோப்பி ஏற்றுமதி குறையவில்லை, 1870 வரை பன்மடங்கானது. கோப்பியை ஒழித்தது வேறொன்று. 1869இல் இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகத் தோன்றிய துருநோய், இருபதே ஆண்டுகளில் மலைநாட்டைத் தேயிலைக்கு மாற்றியது. பார்க்கப் பயங்கரமான கரியை மரம் தாங்கிக்கொண்டது. பார்க்கச் சாதுவான தூள் மரத்தைக் கொன்றது.

தேசி இனத்திலும் இப்படியொரு சோடி உண்டு. கரியைக் கொண்டுவரும் செதிலும் மாவுப்பூச்சியும் மரத்தை மெலிவிக்கும், ஆனால் பெரிய மரத்தைச் சாகடிப்பது அரிது. குருத்தில் தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைச் சரிவாகத் தூக்கி உட்காரும் சில்லிட் என்னும் எள்ளளவுப் பூச்சி வேறு இனம். அதுவும் சாறு உறிஞ்சுவதுதான், அதன் குஞ்சுகளும் வெள்ளை மெழுகு நூலாகக் கழிவு விடுகின்றன. ஆனால் கிரீனிங் நோயின் பற்றீரியாவை மரத்துக்கு மரம் சுமப்பது இது. புளோரிடாவில் 1998இல் பூச்சியும் 2005இல் நோயும் கண்டுபிடிக்கப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே தோடை விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. நோய் கண்ட மரத்தைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே கரியைப் பார்த்துப் பதறும் கண், குருத்தைப் பார்க்கப் பழக வேண்டும். நம் வளவுகளில் தேசிக்குப் பக்கத்திலேயே கறிவேப்பிலையும் நிற்கும். சில்லிட் அதிலும் தங்கும். அந்தக் குருத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தோற்றுப்போகும் வைத்தியங்கள்

சாம்பலை முதலில் எடுப்போம். காசில்லாதது, வீட்டிலேயே இருப்பது, நஞ்சும் அல்ல. மெல்லுடல் கொண்ட அழுக்கணவன் மீது விழுந்தால் கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் செதிலுக்கு மேல் ஓடு, மாவுப்பூச்சிக்கு மேல் மெழுகு. தூவிய சாம்பல் அந்தப் பூச்சிகளை எட்டாது. இலையின் மேற்புறத்தில் தங்கிக் கரியோடு இன்னொரு திரையாகிவிடும். அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. தூசு படிந்த தேசி, தோடை மரங்களில் செதிலும் சிற்றுண்ணியும் கூடும் என்பது உலகமெங்கும் பயிர்செய்வோர் அறிந்தது. செதிலின் உடம்பில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகள் கடுகிலும் சிறியவை. தூசில் அவற்றால் தேடவும் முடியாது, நிற்கவும் முடியாது. பிரதான வீதியோரத்து மரங்கள் உள்வளவு மரங்களைவிடக் கறுத்திருந்தால் இந்தக் காரணத்தையும் நினைக்க வேண்டும். தூசை நாமே அள்ளித் தூவுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது பங்கசுநாசினி. கடையில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

“காக்கா, தேசிமரம் முழுக்கக் கரி புடிச்சிட்டு. என்னத்த அடிக்கிற?”

“பங்கசுக்கொண்டு, பூச்சிக்கொண்டு, ரெண்டையும் கலந்து அடிங்க தம்பி. எல்லாம் சரியாப் போகும்.”

கரி ஒரு பூஞ்சணம், பூஞ்சணத்துக்குப் பங்கசுநாசினி என்ற தர்க்கம் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் செத்த கரியும் இலையில் அப்படியேதான் ஒட்டியிருக்கும், சீனி சொட்டும்வரை புதுக் கரியும் முளைக்கும். இதில் ஒரு விபரீதமும் உண்டு. வெண் ஈயையும் செதிலையும் தாக்கிக் கொல்லும் பூஞ்சணங்களும் இருக்கின்றன. ஈரமான காலத்தில் இலையின் அடியில் சிவப்பாக, மஞ்சளாகத் தடித்திருக்கும் அஷெர்சோனியா அவற்றில் ஒன்று. செம்பு கலந்த மருந்து அடித்த தோட்டங்களில் செதில் பூச்சி பெருகியதை புளோரிடாக்காரர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டார்கள். நண்பனான பூஞ்சணத்தை மருந்து அழித்துவிட்டதே காரணம். பங்கசுநாசினி முதல் இரண்டு கேள்விகளிலும் தோற்கிறது. மற்றவற்றைக் கேட்க வேண்டிய அவசியமில்லை.

பூச்சிநாசினிப் போத்தலை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அது பூச்சியைக் கொல்கிறது, விரைவாகவும் கொல்கிறது. உறிஞ்சும் பூச்சிக்கு நீண்ட காலம் கைமருந்தாக இருந்த டைமெதோயேற், மரத்தின் சாற்றிலேயே கலந்து பூச்சியைத் தேடிப் போகும். அதை இலங்கை 2008 முதல் 2011 வரையான காலத்தில் பெந்தியோன், பரகுவாற் ஆகியவற்றோடு படிப்படியாக விலக்கியது. விலக்கியதன் காரணம் வயலில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தது. 1995இல் மொனோகுரோட்டோபோசும் மெதமிடோபோசும் தடைசெய்யப்பட்டதில் தொடங்கி, கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாக அகற்றியபின் இந்நாட்டில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. வீட்டில் நஞ்சுப் போத்தல் இருப்பதே ஓர் ஆபத்து என்பதை இலங்கையைவிடத் தெளிவாக நிறுவிய நாடு இல்லை. ஒரு தேசி மரத்துக்காக அந்தப் போத்தலைக் குசினி மூலைக்குக் கொண்டுவருவதற்கு மிக வலுவான நியாயம் வேண்டும்.

இப்போது விற்கும் இமிடாகுளோபிரிட் போன்றவை மனிதருக்கு அவ்வளவு கொடியவை அல்ல என்பது உண்மை. வேரில் ஊற்றினால் மரம் முழுக்கப் பரவும் என்பதும் உண்மை. ஆனால் அது பூவின் மகரந்தத்துக்கும் தேனுக்கும் போகும். தேனீக்களுக்கு நேரும் கேட்டினால் ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களில் அதன் பாவனையை நிறுத்தியது. நம் கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வளவுகள் பேர்ச் கணக்கில் அளக்கப்படுபவை. தேசி மரத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் சில அடி மணல்தான். தண்ணீரில் கரையும் மருந்தை வேரில் ஊற்றினால், மழையோடு அது இறங்கும் இடம் நம் கிணறு, அல்லது அடுத்த வீட்டுக் கிணறு. தெளித்தாலோ கச்சான் அதை மதிலுக்கு அப்பால் கொண்டுபோகும்.

இதையெல்லாம் ஒதுக்கிவைத்தாலும், பூச்சிநாசினி தன் சொந்தக் களத்திலேயே தடுமாறுகிறது. நம் விவசாயிகளுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. நெல்லில் கபில நிறத் தத்தியும் சாறு உறிஞ்சும் பூச்சிதான். அடிக்க அடிக்க அது கூடிவருவது ஆசியா முழுவதும் கண்ட அனுபவம்; மருந்து முதலில் கொல்வது தத்தியைத் தின்னும் சிலந்தியையும் வண்டையும். அதனால்தான் இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு அடித்த 57 பூச்சிநாசினிகளை ஒரே உத்தரவில் நிறுத்தியது. தோடைத் தோட்டத்துக்கும் இதே சாட்சி உண்டு. 1888இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு பொறிவண்டு, கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்களை மூடியிருந்த பஞ்சுச் செதிலை இரண்டு வருடத்துக்குள் அடக்கியது. 1940களில் அங்கே டி.டி.ரி. அடிக்கத் தொடங்கியதும் வண்டு செத்தது, அடங்கிக் கிடந்த செதில் திரும்பி வந்தது.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளையையும் பீடைநாசினிகளையும் இறக்குமதி செய்வதை ஒரே இரவில் நிறுத்தி, நவம்பரில் பின்வாங்கியதை இங்கே சிலர் எடுத்துக்காட்டலாம். இயற்கை வைத்தியம் பேசினால் வயல் காய்ந்ததுதான் மிச்சம் என்பது அவர்கள் வாதம். வயலைப் பொறுத்தவரை அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் ஆயத்தம் ஏதுமின்றி ஒரு நாட்டின் நெற்செய்கைமேல் போட்ட தடையை வைத்து, வளவில் நிற்கும் ஒரு தேசி மரத்துக்கு என்ன செய்வது என்று தீர்மானிக்க முடியாது. அளவும் வேறு, பூச்சியும் வேறு, கூலியும் வேறு.

பாதி தேறும் வைத்தியங்கள்

முசுறுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. கி.பி. 304இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் சீன நூல் ஒன்று, தோடை மரங்களுக்காகச் சந்தையில் முசுறுக் கூடுகள் விற்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. உயிரியல் பீடைக் கட்டுப்பாட்டின் மிகப் பழைய பதிவு அதுதான். வியட்நாமின் மேகொங் கழிமுகத்துத் தோடைக்காரர் இன்றும் முசுறு வளர்க்கிறார்கள். இலை தின்னும் புழுவுக்கும் காயைக் குத்தும் மூட்டுப்பூச்சிக்கும் அது காவல்தான். ஆனால் நமது வழக்கு உறிஞ்சும் பூச்சி. மென்செதிலையும் மாவுப்பூச்சியையும் முசுறு தின்பதைவிட மேய்ப்பதே அதிகம். அந்தச் சீனி அதற்கும் உணவு. பிள்ளைகள் விளையாடும், உடுப்புக் காயப்போடும் சிறு வளவில் கோப்பித் தோட்டத்துக் கடியை மீண்டும் வாங்குவதும் தேவையில்லை. பெரிய மாமரத்தில் அது தானாகக் குடியிருந்தால் இருக்கட்டும். தேசிக்கு ஏற்றிவிடுவது இந்த நோய்க்கான வைத்தியம் அல்ல.

வேம்பின் நிலைமை வேறு. ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜேர்மன் ஆய்வாளர் 1959இல் சூடானில், வெட்டுக்கிளிப் படை எல்லா மரத்தையும் மொட்டையடித்தபின் வேம்பு மட்டும் பச்சையாக நின்றதைப் பார்த்தார். உலகம் வேம்பை ஆராயத் தொடங்கியது அதிலிருந்து. வேப்பம் வித்திலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும், குஞ்சு தோலுரிக்கும் ஒழுங்கைக் குழப்பும். வெயிலில் சில நாளில் சிதைந்துவிடுவதால் பழத்தில் தங்கும் கவலை குறைவு. குறை என்னவென்றால் அது மெதுவானது, முதிர்ந்த செதிலிடம் வலுவற்றது. இன்று அடித்து நாளை பூச்சி சாகவில்லை என்று கைவிடுகிறவர்கள் அதன்மேல் சுமத்தும் பழி நியாயமற்றது. ஒரே தடவையில் கைகண்ட மருந்து என்று புகழ்வதும் அவ்வளவே மிகை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், எண்ணெய் கலப்பதற்குக் கொஞ்சம் சவர்க்காரம், ஆறிய மாலைநேரம்: இந்த அளவில் அது நல்ல துணை மருந்து. உச்சி வெயிலில் அடித்தால் எண்ணெய் இலையைச் சுடும்.

கஞ்சி பலருக்குப் புதிதாக இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மா, சப்போட்டா மரங்களின் கரும்பூஞ்சணத்துக்கு நெடுங்காலமாகப் பரிந்துரைப்பது இது. ஒரு கிலோ கோதுமை மாவை 5 லீற்றர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவிட்டு, 20 லீற்றராகக் கலந்து இலையில் தெளிப்பது. மருதமுனைத் தறிக்காரருக்கு விளக்கவே வேண்டாம்: பாவு நூலில் கஞ்சி காய்ந்து விறைப்பது போல, இலைமேல் மெல்லிய படலமாகக் காயும். வெயிலில் வெடித்துச் செதிள்செதிளாக உதிரும்போது கரியையும் பெயர்த்துக்கொண்டு போகும். நஞ்சில்லை, செலவு அற்பம், பழத்துக்குக் கேடில்லை. ஆனால் அது எட்டுவது கரியைத்தான், காரணத்தை அல்ல. மழைமூட்டத்தில் தெளித்தால் காயாமல் கிடந்து பூஞ்சணத்துக்கே தீனியாகும். கச்சான் மாதங்களின் வெயில் இதற்கென்றே அமைந்தது. பூச்சி ஒழிந்தபின் இலையை வெளுக்க இதைவிட நல்ல வழி இல்லை; பூச்சி இருக்கும்போது இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தேறும் வைத்தியம்

எஞ்சுபவை இரண்டு: எறும்பைத் தடுப்பதும், தண்ணீரும் சவர்க்காரமும். இரண்டும் பகட்டில்லாதவை, கடைக்காரருக்கு ஆதாயம் தராதவை. நான்கு கேள்விகளுக்கும் முகம் கொடுத்து நிற்பவை இவைதான்.

எறும்பு வெறும் விருந்தாளி அல்ல. செதிலை நெருங்கும் குளவியையும் பொறிவண்டின் புழுவையும் அது விரட்டியடிக்கிறது. எறும்பு ஏறாமல் தடுத்த தேசி இன மரங்களில் ஒட்டுண்ணிகளின் வேலை கூடுவதைப் பல நாட்டுப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. செய்முறை எளிது. அடிமரத்தில் துணிப்பட்டை ஒன்றை இறுக்கிச் சுற்றி அதன்மேல் கிறீஸ் பூச வேண்டும். நேரே பட்டையில் பூசினால் மரம் புண்ணாகும். தூசு படிந்து கிறீஸ் காய்ந்ததும் புதுப்பிக்க வேண்டும். இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் தோற்கிறார்கள்: அடிமரத்தைக் காவல் செய்துவிட்டு, மதிலில் சாய்ந்த கொப்பையும் மரத்தில் கட்டிய உடுப்புக் கொடியையும் மறந்துவிடுகிறார்கள். எறும்புக்கு அந்த ஒரு கயிறு போதும்.

நல்ல பூச்சிகளின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்கலாமா என்று கேட்டால், அண்மைக் காலச் சாட்சி பப்பாசி. 2008இல் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பப்பாசி மாவுப்பூச்சி வந்து இறங்கியது. மருந்து அடித்து யாரும் அதை வெல்லவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த அசெரோபேகஸ் என்ற சிறு குளவி இலங்கையில் 2009இலும் தமிழ்நாட்டில் 2010இலும் விடப்பட்டபின், வெள்ளை அப்பிய பப்பாசி மரங்கள் மீண்டும் காய்த்தன.

சவர்க்காரம் மெல்லுடல் பூச்சியின் மேல்தோல் மெழுகைக் கெடுத்து உடலை உலரச் செய்கிறது. பட்ட பூச்சிதான் சாகும், காய்ந்தபின் அதற்கு வலுவில்லை. அதுவே அதன் பலமும் பலவீனமும். காய்ந்தபின் வந்திறங்கும் குளவிக்குக் கேடில்லை; ஆனால் நனையாத இலையடியில் ஒரு பூச்சியும் சாகாது. மேலிருந்து பன்னீர் தெளிப்பதுபோல் அடித்துவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்கள், தெளிகுழாயின் வாயை மேல்நோக்கித் திருப்பிக் கீழிருந்து அடித்துப் பார்க்க வேண்டும். லீற்றருக்கு 5 முதல் 10 கிறாம் சீவிய சவர்க்காரக் கட்டி போதும். சலவைத் தூள் வேண்டாம். அது இலையைச் சுடும். முதலில் ஒரு கொப்பில் அடித்து இரண்டு நாள் பார்ப்பது நல்லது. முட்டைகள் தப்பிவிடுவதால் வாரம் ஒருமுறையாக மூன்று தடவை அடிக்க வேண்டும்.

இந்தக் கரைக்கு ஒரு விசேட எச்சரிக்கையும் வேண்டும். உவர் கலந்த, சுண்ணாம்பு கூடிய கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, தயிர்போல் திரளும். திரண்ட சவர்க்காரம் பூச்சியைக் கொல்லாது, தெளிகருவியை அடைக்கும். நுரைக்காத தண்ணீரை விட்டுக் குழாய்த் தண்ணீரோ சேமித்த மழைநீரோ எடுப்பதுதான் வழி. “சவர்க்காரம் அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை” என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது எந்தத் தண்ணீர் என்பதையே.

எதிர்வாதமும் விடையும்

இந்த முடிவுக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. இது உடலுழைப்பு கேட்கும் வைத்தியம். முள் நிறைந்த மரத்தின் ஒவ்வொரு இலையடியையும் மூன்று தடவை நனைப்பது சும்மா இல்லை. உயர்ந்து வளர்ந்த மரத்தில் முடியவே முடியாது. பிபிலைப் பக்கத்துத் தோடைத் தோட்டம் போல நூற்றுக்கணக்கில் மரம் வைத்திருப்பவருக்குக் கூலியே விளைச்சலைத் தின்றுவிடும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உயரத்துக்கு மறுமொழி கத்தரிப்பு. உள்நெருக்கமான கொப்புகளையும் அப்பிக்கிடக்கும் குச்சிகளையும் வெட்டி எரித்தால் பாதிப் பூச்சி அதோடு போகும், வெயிலும் காற்றும் உள்ளே வரும், தெளிகுழாயும் எட்டும். தோட்டக்காரருக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. குறிப்பாகச் சில்லிட் இருக்கும் இடத்தில், பிரேசிலின் சாவோ பாவுலோவில் செய்வது போல நோயற்ற கன்று, நோய் கண்ட மரத்தை அகற்றுதல், பூச்சிக்கு மருந்து என்ற மூன்றையும் சேர்த்தே நடத்த வேண்டியிருக்கும். அங்கே பூச்சிநாசினிக்கு இடம் உண்டு, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையோடு.

வளவு மரத்துக்கான தீர்ப்பு இதுதான். யூரியாவை நிறுத்துங்கள். கத்தரியுங்கள். எறும்பின் வழியை அடையுங்கள். நுரைக்கும் தண்ணீரில் சவர்க்காரம் கலந்து கீழிருந்து மூன்று வாரம் அடியுங்கள். மாவுப்பூச்சி அடர்ந்திருந்தால் வேப்பெண்ணெய் சேருங்கள். புதிய குருத்து சுத்தமாக வந்தபின் வெயில் நாளில் கஞ்சி அடித்துப் பழைய கரியைக் கழற்றுங்கள். சாம்பலுக்கும் பங்கசுநாசினிக்கும் இந்த வழக்கில் இடமில்லை. பூச்சிநாசினிப் போத்தல் வளவுக்குள் வர வேண்டிய தேவை அநேகமாக எழாது.

தீர்ப்பை மாற்ற வேண்டிய அடையாளம் ஒன்றே. மணல் நிலத்தில் சத்துக்குறையால் இலை மஞ்சளானால், நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாகும். ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும் திட்டுத்திட்டாக மஞ்சளோடி, பழம் கோணலாகி, பழுத்தும் அடிப்பக்கம் பச்சையாகவே நின்றால் அது கிரீனிங்காக இருக்கலாம். அப்போது கமநல சேவை நிலையத்துக்கு இலையோடு போய்க் காட்டி உறுதிசெய்யுங்கள். உறுதியானால் அந்த மரத்தை வேரோடு எடுத்துவிட வேண்டும், அது எவ்வளவு காய்த்த மரமாக இருந்தாலும். கரி பிடித்த மரத்துக்குப் பொறுமை காட்டலாம். இந்த மரத்துக்குக் காட்டும் பொறுமைக்கு அக்கம்பக்கத்து வளவுகளின் தேசி மரங்கள் விலை கொடுக்கும்.